செக்கி வரிசையில் வரும் காதல்

டோக்கியோவில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நிஷி கசாய் மளிகைக் கடை, கிரிக்கெட், மலையேற்றம் என்று பதில் வரும். நான் சனிக்கிழமை மாலைகளில் ஷின்ஜுகுவிலோ அகிஹபராவிலோ ஏதாவது ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்துக்கு இறங்கிப் போவேன். நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் அரங்கு. ஐந்தாறு பெண்கள் கொண்ட குழு இருபத்தைந்து நிமிடம் ஆடிப் பாடிவிட்டு இறங்கும், அடுத்த குழு ஏறும். தொலைக்காட்சிப் பக்கமே போகாமல் இப்படிச் சின்ன அரங்குகளிலேயே காலம் தள்ளுகிறவர்களை இங்கே சிக்கா ஐடல், அதாவது நிலத்தடிப் பாட்டு நட்சத்திரம், என்கிறார்கள்.

அப்படி ஒரு குழுவில் பாடிய ஒருவர் மீது எனக்குக் காதல் வந்தது. அபிமானம், ஈர்ப்பு என்றெல்லாம் பூசி மெழுக விருப்பமில்லை. அலுவலகக் கூட்டத்தின் நடுவே அவர் முகம் வரும். இரண்டு நாள் அவர் எதுவும் பதிவிடாவிட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இன்னொருவரிடம் அவர் விழுந்து விழுந்து சிரித்தால் வயிற்றில் ஏதோ புரளும். பிடித்த கலைஞரை ஒஷி என்பார்கள். ஒஷி மீது நிஜமாகவே காதலில் விழுந்தவரைக் கச்சிகோய் என்பார்கள், பெண் ரசிகைகள் ரியாகோ என்பார்கள். அரங்கில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சகஜம்.

அவரை இங்கே மஞ்சள் என்றே சொல்கிறேன். குழுவில் ஆளுக்கொரு நிறம் உண்டு, அவருடைய நிறம் அது. அவர் பாடும்போது ரசிகர்கள் கையிலிருக்கும் விளக்குக் குச்சிகள் மஞ்சளுக்கு மாறும். வயது இருபத்தைந்தைத் தாண்டியவர். பகலில் ஒரு கடையில் பகுதிநேர வேலை, மாலையில் ஒத்திகை. குரல் சுமார்தான். ஆனால் ஒரு அடி பிசகினால் தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டு அடுத்த தாளத்தில் போய் ஒட்டிக்கொள்வார். என்னைச் சாய்த்தது அதுதான்.

காதல் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள மேடையைப் பார்த்துப் பயனில்லை, அதற்கப்புறம் நடப்பதைப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கின் பின்பக்கம் மடக்கு மேசைகள் விரியும். அங்கே செக்கிச் சீட்டு விற்பார்கள். 1998இல் ஃபூஜிஃபில்ம் கொண்டுவந்த, எடுத்த உடனே படம் வெளியே வரும் சின்னக் கேமராவுக்கு ஜப்பானில் செக்கி என்று பெயர். உங்கள் ஒஷியுடன் சேர்ந்து நின்று எடுக்கும் ஒரு படத்துக்குப் பொதுவாக 1,000 முதல் 2,000 யென் வரை ஆகும். சீட்டோடு அவரவர் ஒஷியின் வரிசைக்குப் போக வேண்டும். வரிசையின் வாலில் நிற்பவர் ‘கடைசி இதுதான்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்திருப்பார். நீங்கள் போய் நின்றதும் அட்டை உங்கள் கைக்கு வந்துவிடும். பேச்சே கிடையாது, ஒரு தலையசைப்புதான்.

முறை வந்ததும் ஆளுக்குப் பாதியாகக் கையால் இதயம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வீர்கள். வெள்ளையாக வெளியே வரும் படத்தை ஊழியர் அவரிடம் கொடுப்பார். அதன் மேல் போஸ்கா பேனாவால் தேதி, உங்கள் பெயர், ஒரு வரி எழுதுவார். அவர் எழுதி முடிக்கும்வரை பேசலாம். ஊழியர் கையில் டைமர் ஓடும், ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் அவர் செய்யும் வேலை லேசுப்பட்டதல்ல. கை எழுதிக்கொண்டே இருக்கும், கண் உங்கள் மேல் இருக்கும். போன தடவை சொன்ன பல்வலி என்னாச்சு என்று பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் விசாரிப்பார். டைமர் அடிக்கும், ஊழியர் உங்கள் தோளைத் தொடுவார். பேனா மூடியை அழுத்திய அதே கையால் அவர் டாட்டா காட்டுவார். நாலடி தள்ளி வந்து நிற்கையில்தான் படத்தில் முகங்கள் தெளிந்து வரும்.

வாரம் முழுக்க மின்னஞ்சலில் மட்டுமே பேச்சு நடக்கும் ஊரில், ஒருவர் உங்கள் பல்வலியை நினைவில் வைத்திருந்து கேட்டால் மனசு என்ன செய்யும்? ஒஷி நம்மை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு நின்ச்சி என்பார்கள். அது கிடைப்பதற்காகவே மாதக்கணக்கில் வருகிறவர்கள் உண்டு. எனக்கு அது சீக்கிரமே கிடைத்தது. காரணம் ரொம்ப எளிது, அந்த அரங்கில் இந்திய முகம் என்னுடையது மட்டும்தான்.

அப்படியானால் எல்லாம் நடிப்புதானே, காசுக்குக் காட்டும் அன்புதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். இதை அரங்கில் பழந்தலை ஒருவரிடம் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடிப் பெட்டிபோல அமைதியான மனிதர் என்று முதலில் நினைத்திருந்தேன், பாட்டு தொடங்கினால் தொண்டை கிழியக் கத்துவார். “உங்கள் பல் வைத்தியரும் காசு வாங்கிக்கொண்டுதான் வலிக்கிறதா என்று கேட்கிறார். அந்த அக்கறை பொய்யா? அதற்காக அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவீர்களா?” என்றார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

இந்த வியாபாரம் ஏதோ நேற்று முளைத்தது என்று நினைக்கிறவர்கள் டோக்கியோவின் பழைய பகுதியான யனகா பக்கம் ஒரு நடை போய் வரலாம். 1760களில் அங்கே கசமோரி இனாரி கோயில் வாசலில் இருந்த தேநீர்க் கடையில் ஓசென் என்ற பெண் வேலை பார்த்தார். அவரை ஓவியர் சுசுகி ஹருனோபு அச்சுப் படங்களாக வரைந்து தள்ள, தேநீர் என்ற சாக்கில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரமே அங்கே போய் உட்கார்ந்தது. 1770 வாக்கில் ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வராமல் போனார். அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசில் பணிபுரிந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். ஊரே புலம்பியதாம். அவருக்கும் ஹருனோபுவுக்கும் நினைவுக் கற்கள் தாய்என்ஜி கோயிலில் இருக்கின்றன. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன், நமக்கு முன்னால் இருநூற்றைம்பது வருடத்து வரிசை இருக்கிறது என்று தோன்றியது.

அதற்கும் முன்னால் காபுகி நாடகம். பெண்கள் ஆடிய காபுகியை அரசு 1629இல் தடை செய்தது. இளைஞர்கள் ஆடினார்கள், அவர்கள் பின்னாலும் ஆட்கள் அலைந்து அடிதடி நடந்ததால் 1652இல் அதற்கும் தடை. 1714இல் ஷோகுன் அந்தப்புரத்து உயர் பணிப்பெண் ஏஜிமா, இகுஷிமா ஷிங்கோரோ என்ற நடிகரோடு பழகினார் என்று இருவரையும் ஆளுக்கொரு மூலைக்கு நாடு கடத்தி, யமமுரா நாடக அரங்கையே இழுத்து மூடினார்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) கிதாயூ கதைப்பாட்டு பாடிய இளம் பெண்களுக்குக் கல்லூரி மாணவர்கள் வெறி பிடித்த ரசிகர்கள். உச்சக் கட்டத்தில் ‘என்ன செய்வேன், என்ன செய்வேன்’ என்று கூச்சல் போடுவதும், பாடகியின் ரிக்‌ஷா பின்னாலேயே அடுத்த அரங்குக்கு ஓடுவதும் அவர்கள் வழக்கம். அவர்களின் பெரிய நட்சத்திரமான தகேமோதோ அயானோசுகே 1898இல் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டார். மறுநாள் அந்த மாணவர்கள் வகுப்புக்கு எப்படிப் போனார்களோ!

இந்தப் பழைய மயக்கத்துக்கு நம் காலத்தில் சீட்டும் விலையும் வைத்து ஒழுங்குபடுத்தியவர் பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான அகிமோதோ யசுஷி. 2005 டிசம்பரில் அகிஹபராவின் தோன் கிஹோத்தே கட்டடத்தின் எட்டாவது மாடியில் ஏகேபி48 குழுவின் அரங்கு திறந்தது. நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல் என்பதுதான் விளம்பரம். குறுந்தட்டு வாங்கினால் கைகுலுக்கச் சீட்டு, ஓட்டுச் சீட்டு. அடுத்த பாட்டில் யார் யார் பாடுவது என்று முடிவு செய்யும் ‘பொதுத்தேர்தல்’ 2009 முதல் 2018 வரை நடந்தது. ஒருவரே நூற்றுக்கணக்கில் ஒரே குறுந்தட்டை வாங்குவது சாதாரணமாகிவிட்டது. சிக்கா ஐடல்கள் இதே யுக்தியைச் சில்லறையில் செய்கிறார்கள்.

கூடவே வந்தது காதல் தடை. மேடையில் இருப்பவர் யாருக்கும் சொந்தமில்லாதவராகத் தெரிந்தால்தான் வரிசை நீளும் என்பது நிறுவனங்களின் கணக்கு. 2013 ஜனவரியில் ஏகேபி48இன் மினெகிஷி மினாமி ஒரு ஆண் நண்பர் வீட்டில் இரவு தங்கியதாக வாரப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவர் தலையை மழித்துக்கொண்டு அழுதபடி மன்னிப்புக் கேட்ட காணொளியை உலகமே பார்த்தது. எனக்கு இன்னும் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2022இல் அவர் கல்யாணம் செய்துகொண்டபோது வாழ்த்துகள் குவிந்தன, அதுவே பெரிய ஆறுதல். நீதிமன்றமும் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறிக் காதலித்தார் என்று 17 வயதுப் பெண் ஒருவர் தரப்பை 6,50,000 யென் கட்டச் சொன்னது. நான்கே மாதத்தில், 2016 ஜனவரியில், அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கில் யாருடன் பழகுவது என்பது ஒருவர் மகிழ்ச்சியைத் தேடும் உரிமையைச் சேர்ந்தது என்று நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார்கள். நான் இரண்டாவது தீர்ப்பின் கட்சி. தடை ரசிகரைக் காப்பாற்றுவதில்லை, ‘அவர் நமக்காகக் காத்திருக்கிறார்’ என்ற எண்ணத்துக்கு எண்ணெய்தான் ஊற்றுகிறது.

எங்கள் வரிசையில் ஒரு இளைஞர் எக்செல் கோப்பு வைத்திருந்தார். தேதி, செக்கி எண்ணிக்கை, செலவு, மஞ்சள் பேசிய நேரம், மேடையிலிருந்து கண் பார்த்த தடவை, எல்லாம் தனித்தனிப் பத்தி. ஒரு நாள் கைப்பேசியில் அதைக் காட்டி, “அந்த நீலச் சட்டைக்காரர் என்னைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார், ஆனால் மஞ்சள் அவரிடம்தான் அதிகம் பேசுகிறார்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, பில்லில் தப்புக் கண்டுபிடித்த தொனி. பழந்தலை அவரை அன்றே வெளியே கூட்டிப்போய் ராமென் வாங்கிக் கொடுத்து நெடுநேரம் பேசினார். கோப்பு அழிந்ததா தெரியாது. ஆள் ஆறு மாதத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். நல்லதுதான்.

என்னைக் கேட்டால் காதலில் விழுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. இவ்வளவு கொடுத்தேன், எனக்கு இவ்வளவு வர வேண்டும் என்று பேரேடு எழுதத் தொடங்குவதில்தான் இருக்கிறது. 2016 மே மாதம் டோக்கியோவின் கொகானெய் நகரில், நிகழ்ச்சிக்கு வந்த ஒரு இளம் பாடகியை ஒருவன் அரங்குக்கு வெளியே கத்தியால் பல முறை குத்தினான். அவர் உயிர் பிழைத்தார். அவன் அவருக்குக் கைக்கடிகாரமும் புத்தகங்களும் அனுப்பியிருந்தான். கடிகாரம் திரும்பி வந்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. அவர் முன்கூட்டியே போலீஸிடம் சொல்லியும் இருந்தார். சமூக வலைத்தளத்தில் விடாமல் எழுதுவது அப்போது பின்தொடர்தல் தடைச் சட்டத்துக்குள் வரவில்லை. அந்த டிசம்பரில்தான் சட்டத்தைத் திருத்தி அதையும் சேர்த்தார்கள். 2019இல் இன்னொருவன், ஒரு ஐடல் போட்ட செல்ஃபியில் அவர் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையத்தின் பிரதிபலிப்பைப் பெரிதாக்கி, கூகுள் ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிட்டு, வீடுவரை போய்த் தாக்கினான். அதிலிருந்து நான் யாருடைய படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பணத்தை ரொக்கமாக எடுத்துப் போவேன், அட்டை வீட்டிலேயே இருக்கும். மாதச் சம்பளம் வந்ததும் வாடகை, ஊருக்கு அனுப்புவது போக ஒரு தொகையை உறையில் போட்டு வைப்பேன், உறை காலியானால் அந்த மாதம் செக்கி கிடையாது. பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வரலாம். அதிலும் ஒரு லாபம் உண்டு, செக்கி எடுக்காத நாளில்தான் பாட்டு காதில் நன்றாக விழுகிறது. கடன் வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை படம் எடுத்தாலும் அவர்கள் முகத்தில் சந்தோஷம் இருக்காது.

தொடர்பு எண், வெளியே சந்திப்பது போன்ற பேச்சை எடுக்கவே கூடாது. ரசிகரோடு தனித் தொடர்பு வைத்திருப்பது தெரிந்தால் வேலை போவது அவருக்கு. நமக்கு அரங்கில் தடை விழும், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்து வாசலில் காத்து நிற்பதும் அப்படியே. சின்ன அரங்குகளில் கலைஞரும் நாமும் ஒரே ரயில் நிலையத்துக்குத்தான் நடப்போம், எதிர்பாராமல் கண்ணில் படுவார்கள். அப்படி ஒரு தடவை நடைமேடையில் மஞ்சளைப் பார்த்தேன். முகமூடி, தொப்பி, கையில் ஒத்திகைப் பை. கண்கள் சந்திப்பதற்குள் படியேறித் திரும்பிவிட்டேன், அடுத்த ரயிலில் போனேன். அடுத்த வாரம் செக்கியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உங்களை அங்கே பார்த்தேன்’ என்பது நமக்கு இனிக்கிற செய்தி, அவருக்கு ராத்தூக்கம் போகும்.

கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அலுவலகத்தில் என் மூத்த சக ஊழியர் ஒருவர். அவர் தகரஸுகா பைத்தியம். 1914இலிருந்து முழுக்கப் பெண்களே நடிக்கும் நாடகக் குழு அது, ஆண் வேடம் போடுகிறவர்களுக்குப் பெண் ரசிகைகள் உயிரையே விடுவார்கள். கல்யாணம் செய்துகொண்டால் நடிகைகள் குழுவை விட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். அதனால் அங்கே விடைபெறுவதும் ரசிகைகளுக்குப் பழகிய துக்கம். “கடிதத்தில் கேள்வியே வைக்காதே, பதில் எழுதும் சுமையை அவள் தலையில் ஏற்றுகிறாய்” என்றார் அக்கா. உன் தனிமையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம், இரண்டாம் பாட்டில் அந்தக் கைத்திருப்பம் நன்றாக இருந்தது என்பது போல அவள் உழைத்த இடத்தைச் சொல், ஊழியர்தான் முதலில் பிரித்துப் படிப்பார் என்பதை மனதில் வை. இவ்வளவுதான் பாடம். பரிசு என்றால் வீட்டில் செய்த தின்பண்டம் வேண்டாம், யாரும் சாப்பிட மாட்டார்கள். விலை உயர்ந்த பொருளும் வேண்டாம். குளியல் உப்பு மாதிரி தீர்ந்துபோகிற சாமான் உத்தமம்.

அப்புறம், அதே ஒஷியை விரும்புகிற ஆட்களோடு பழக வேண்டும். பொறாமைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. போட்டியாளர் என்று நான் முறைத்துக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர் (அவர் சட்டை எப்போதும் நீலம், ஒஷி மஞ்சள்தான்) மஞ்சளின் பிறந்தநாள் நிகழ்ச்சிக்கான ரசிகர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாசலில் வைக்கும் பூ அலங்காரத்துக்கு ஏற்பாடு செய்தோம். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் எல்லோரும் மஞ்சள் குச்சியை உயர்த்த வேண்டும் என்று துண்டுச்சீட்டு அடித்து, குச்சியோடு சேர்த்து நுழைகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். வாசலில் நின்று சீட்டுக் கொடுத்ததில் எனக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் விளக்கணைந்து மொத்த அரங்கும் மஞ்சளானபோது அவர் பாடுவதை நிறுத்திவிட்டார், இரண்டு வரி ஒலிப்பதிவு மட்டும் ஓடியது. நான் கண்ணில் படாத அந்த நாள்தான் எனக்கு இந்தக் காதலின் உச்சம்.

காதலைச் சொன்னீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னேன், நாற்பது பேரோடு சேர்ந்து. பாட்டின் இடையிசை வரும் இடத்தில், கடைசிப் பல்லவிக்கு முன்னால், ‘சொல்ல ஒன்று இருக்கிறது’ என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, பிடிக்கும் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு முழக்கம் உண்டு. கச்சிகோய்க்கென்றே உள்ளது. எல்லாக் குழுவின் ரசிகர்களும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு அதே வரிகளைக் கத்துவார்கள். சில அரங்குகள் இதை அனுமதிப்பதில்லை, சத்தம் அப்படி. நெஞ்சில் இருப்பதையெல்லாம் முழுக் குரலில் ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லலாம், அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பத்து நொடியில் பல்லவி வந்துவிடும். வேறெந்தக் கலையிலும் ரசிகனுக்கு இப்படி ஒரு வசதி செய்து வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் போன இலையுதிர் காலத்தில் குழுவை விட்டுப் போனார். இங்கே அதைப் பட்டமளிப்பு மாதிரிக் கொண்டாடுவார்கள், தனி உடை, தனி மேடை, கடிதம் வாசிப்பு. கடைசிச் செக்கிக்கு வரிசை படிக்கட்டு வரை போயிருந்தது. என்ன பேசுவது என்று பலர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மறக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லாதே என்று பழந்தலை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். நான் வாழ்த்துகள் என்றேன், பல் இப்போது நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதையே படத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த சில வாரம் உடம்பு சரியில்லாதவன் போலத்தான் இருந்தேன். பாடகர் ஃபுகுயாமா மசாஹாரு 2015இல் கல்யாணம் செய்துகொண்டபோது நாடு முழுக்கப் பெண்கள் துவண்டு கிடந்ததைச் செய்தித்தாள்கள் கிண்டலாக எழுதின என்று அக்கா சொன்னார். அவரும் அன்று அரைநாள் விடுப்பாம். துவண்டு கிடப்பதற்கும் நேரம் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அவருடைய புதுக் கணக்கைத் தேடி இணையத்தில் துழாவக் கூடாது. மேடையை விட்டவர் தனி மனுஷி.

அந்தக் குழுவில் இப்போது நால்வர்தான். நான் இன்னும் போகிறேன், தனியாக ஒஷி யாரும் இல்லை. இந்த மாதிரி பல குழுக்கள் ஆடும் நிகழ்ச்சிகளில் வாசல் மேசையில் ஒரு கேள்வி கேட்பார்கள், இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று. நீங்கள் சொல்லும் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்கள். பல இடங்களில் அந்தக் கோடுகளை எண்ணித்தான் குழுவுக்குப் பணம், அடுத்த அழைப்பு. அதனால் ஊரிலிருந்து வருகிற நண்பர்கள் ‘எங்களையும் கூட்டிப் போ’ என்றால் ரயிலிலேயே அந்தக் குழுவின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவேன். டிக்கெட் போக, பானத்துக்கென்று 600 யென் தனியாகக் கேட்பார்கள், சில்லறையாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.